பெருச்சாளி வெளியே வரும் நேரம்

14.8.1994, ஞாயிறு

குச்சிக்கிழங்குக் காட்டில் இன்று காலை ஒன்பது செடிகள் சாய்ந்து கிடந்தன. பிடித்து இழுத்தால் கையோடு வருகின்றன. மரவள்ளிக் கிழங்கு இருந்த இடத்தில் வெறும் குழி. வடக்கு வரப்பில் புதுமண் குவியல் ஆறு. எல்லாம் பெருச்சாளி வேலை. ஏழு மாதம் தண்ணீர் கட்டியது நான், உட்கார்ந்து தின்பது அது.

அம்மாவிடம் சொன்னேன். "உங்கப்பா இருந்திருந்தா இப்பிடி உட்டிருப்பாரா" என்றாள். அப்பா போய் ஒன்றரை வருடமாகிறது. அதற்கு முன்னால் நான்கு வருடம் கட்டிலில்தான் கிடந்தார். அந்த நான்கு வருடமும் மோட்டார் போட்டது யார், ஆள் கூப்பிட்டது யார், சந்தைக்கு மூட்டை ஏற்றியது யார்? அம்மாவுக்கு இதெல்லாம் நினைவில் நிற்பதில்லை.

உரக்கம்பெனிக்காரன் கொடுத்த இந்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடக்கிறது. இதில் பெருச்சாளியின் போக்குவரத்தை எழுதலாம் என்று எடுத்தேன். வேறு எதை எழுத? முப்பத்தேழு வயதில், அன்னூருக்கு வெளியே தோட்டத்து வீட்டில், அம்மாவோடு இருப்பவளுக்கு எழுத என்ன இருக்கிறது.

16.8.1994, செவ்வாய்

இரண்டு நாளாகப் பார்த்ததில் தெரிந்தது.

சாயங்காலம் ஆறே முக்கால்: மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருக்கிற வளையில் மண் அசைகிறது. முதலில் மூக்கு மட்டும். ஐந்து நிமிடம் அப்படியே இருக்கிறது. பிறகு வரப்பை ஒட்டியே ஓட்டம், நடுவில் திறந்த வெளியைத் தாண்டுவதே இல்லை. எட்டரை மணி வரை தீனி. அதன்பின் சத்தம் அடங்கிவிடுகிறது. விடியற்காலை நாலேகாலுக்கு இரண்டாம் ஆட்டம். ஐந்தரைக்குள் எல்லாம் உள்ளே போய்விடுகின்றன. பகலில் பார்த்தால் இங்கே ஒரு பிராணியும் இல்லை என்று சத்தியம் பண்ணலாம்.

நேற்று இருட்டுமுன் எல்லா வளை வாயையும் சேறு வைத்து மூடினேன். முப்பத்தொன்று. காலையில் திறந்திருந்தது பதினேழு. ஆக, குடியிருப்பது பதினேழில். மற்றவை வெறும் ஓட்டை.

இந்த வீட்டில் நேரத்துக்கு எழுந்து நேரத்துக்கு வேலை செய்கிறவர்கள் நானும் பெருச்சாளியும்தான்.

18.8.1994, வியாழன்

அன்னூர் போய்க் கரீம் பாய் கடையில் எலி மருந்து வாங்கினேன். கறுப்புப் பொடி, பூண்டு வாடை. பொட்டலம் கட்டிக்கொண்டே, "இத வெக்கறதுக்கு ஒரு மொறை இருக்குதுங்க அம்மணி" என்று ஆரம்பித்தார். பஸ் வந்துவிட்டது. மருந்து வைக்கத் தெரியாதா எனக்கு என்று ஓடிவந்துவிட்டேன்.

தேங்காய்ச் சில்லில் தடவிப் பதினேழு வளையிலும் வைத்தாயிற்று.

19.8.1994, வெள்ளி

செத்தது இரண்டு. அதுவும் குட்டிகள்.

20.8.1994, சனி

மறுபடியும் வைத்தேன். ஒன்றுகூடத் தொடவில்லை. வெறும் தேங்காய்ச் சில்லைப் போட்டாலும் சுற்றிக்கொண்டு போகின்றன. ஒன்று அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டே போயிருக்கிறது. அவ்வளவு திமிர். இன்று பதினொரு செடி.

21.8.1994, ஞாயிறு

அண்ணன் வந்தான். மோகன்குமார் அண்ணன். கோயமுத்தூர் கணபதியில் பம்புசெட் பட்டறை வைத்து நன்றாக இருக்கிறான். அப்பாவின் வருசத் திதிக்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், அண்ணியையும் கூட்டிக்கொண்டு காரில் வந்து இறங்கினான். கையில் மைசூர்பாகு டப்பா.

அண்ணி புவனா நேராக அடுப்படிக்கு வந்து, "நங்கை, நீங்க உக்காருங்க, இன்னிக்கு நான் ஆக்கறேன்" என்றாள். நாத்தனாரை நங்கை என்று முறை வைத்து அவள் கூப்பிடுவதே அபூர்வம். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் இந்த அடுப்பை அவள் பற்றவைத்ததில்லை. தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று என்னைத்தான் கேட்டாள்.

அண்ணன் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். பெருச்சாளி வளையைக் காட்டினேன். வளையைப் பார்க்காமல் எல்லைக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

28.8.1994, ஞாயிறு

மறுபடியும் வந்தார்கள். எனக்கு ஒரு பட்டுப்புடவை, கத்தரிப்பூக் கலர். அண்ணி என் தலையை வாரிப் பூ வைத்துவிட்டாள். "உங்களுக்கு இந்தக் கலர் எடுப்பா இருக்குதுங்க நங்கை."

எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் தலையை இன்னொருத்தர் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று. கழுத்துக்குப் பின்னால் அவள் விரல் பட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

2.9.1994, வெள்ளி

திறந்த வளை இருபத்திரண்டு.

4.9.1994, ஞாயிறு

இந்த வாரம் அம்மாவுக்கு ஒரு சின்ன டிவி. ஆன்டெனாவை அண்ணனே ஓட்டின்மேல் ஏறிக் கட்டினான். அம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. "எம்பையன் எப்பிடி வந்துட்டாம் பாத்தியா" என்று, களை எடுக்க வருகிற சின்னாத்தாளிடம் மூன்று தடவை சொன்னாள்.

சாப்பிடும்போது அண்ணன் சொன்னான்: காங்கேயத்து எண்ணெய் மில்காரர் ஒருவர் தேங்காய்க் களம் போட இந்தப் பக்கம் இடம் தேடுகிறாராம். சும்மா சொல்வதுபோலச் சொன்னான். நான் ரசம் ஊற்றினேன்.

11.9.1994, ஞாயிறு

"புதன்கெழமை பத்திர ஆபீசுக்குப் போகோணும், ரெடியா இரு அம்மணி. அப்பா பேருல இருக்கற பட்டாவ மாத்தோணும். ஒரு கையெழுத்துத்தான். ஆவணி முடியறதுக்குள்ள முடிச்சுப்போடலாம்" என்றான்.

பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸ்தானே, எதற்குப் பத்திர ஆபீஸ் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் அடுத்த ஞாயிறு வர மாட்டார்களோ என்று ஒரு பயம். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

14.9.1994, புதன்

நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

கத்தரிப்பூப் பட்டுப்புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். அம்மாவும் காரில். வழியில் ஓட்டலில் காப்பி, கூடவே கேசரி. பத்திர ஆபீசுக்கு எதிர்க் கொட்டகையில் பத்திரம் எழுதுகிறவர் தயாராக இருந்தார். ஸ்டாம்பு பேப்பரில் நாலு பக்கம். "இங்கீங்க அம்மணி, ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ" என்று பேனாவை நீட்டினார்.

படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். அண்ணன் சிரித்தான். "அதுல படிக்கறதுக்கு என்ன இருக்குது."

எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் நான். படித்தேன். விடுதலைப் பத்திரம். ஐந்து ஏக்கரிலும் எனக்கு ஒரு பாத்தியதையும் இல்லை என்று நானே எழுதிக் கொடுப்பதாக. அதைக்கூடத் தாங்கியிருப்பேனோ என்னவோ. மூன்றாம் பக்கத்தில் இருந்தது: "எனக்குத் திருமணம் செய்துகொடுத்த வகையிலும், சீர்வரிசை, நகை வகையிலும் என் பாகத்துக்கு உண்டானதை முழுமையாகப் பெற்றுக்கொண்டபடியால்."

எழுதினவரைக் கேட்டேன். "எந்தக் கல்யாணமுங்க?"

அவருக்குப் புரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் பார்த்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "வளக்கமா கூடப்பொறந்தவங்களுக்கு எளுதறதுங்க. எல்லாப் பத்திரத்துலயும் இந்த வரி வரும். நான் கவனிக்கலீங்க. நேத்து ராத்திரி உங்கண்ணனுந்தான் படிச்சுப் பாத்தாரு" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் முன்பின் தெரியாதவர். முதல் நாள் ராத்திரி இந்த நாலு பக்கத்தையும் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னவன் என் அண்ணன். தங்கைக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது அவன் கண்ணிலும் படவில்லை.

ஏன் ஆகவில்லை? எழுபத்தொன்பதில் அவன் கல்யாணம், அதனால் எனக்கு அடுத்த வருடம். அடுத்த வருடம் அவன் பட்டறை. அதற்கடுத்து லேத் மிஷின். அப்புறம் அப்பாவின் பக்கவாதம்; இவள் போய்விட்டால் தோட்டத்தை யார் பார்ப்பது? வந்த மூன்று ஜாதகமும் பொருந்தவில்லை என்று சொன்னார்கள். பார்த்துச் சொன்னது யார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சீர் என்று நான் வாங்கியது ஒன்றே ஒன்று. அண்ணன் கல்யாணத்தில் கல்யாணப்பெண் போலவே உடுத்தி, அவன் பக்கத்தில் நின்று வாங்கிய இணைச்சீர். கூடப்பிறந்தவளைக் கடைசிவரை கைவிட மாட்டேன் என்று சபை முன்னால் செய்கிற சீர் அது. எழுநூறு பேர் பார்த்தார்கள்.

பேனாவை மேசைமேல் வைத்துவிட்டேன்.

"மாத்தி எளுதிக்கலாம் அம்மணி, அந்த வரிய அடிச்சுப்போடலாம்" என்றான். அப்படியானால் எதற்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று அந்த இடத்தில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். எழுதுகிறவர்தான் தணிந்த குரலில் சொன்னார்: எண்பத்தொன்பதில் சட்டம் மாறியதிலிருந்து, கல்யாணமாகாத பெண்ணுக்கும் பங்கு உண்டாம். இந்தக் கையெழுத்து இல்லாமல் வாங்குகிறவர் வாங்க மாட்டாராம். ஆக மைசூர்பாகு அதற்கு. டிவி அதற்கு. என் தலையில் பட்ட விரல் அதற்கு.

அம்மா கொட்டகைக்கு வெளியிலேயே நின்றாள். "போட்டுக் குடுத்துரு கண்ணு. அண்ணந்தான. பங்கு கேட்டுப்போட்டு நீ யாரு ஊட்டுக்குப் போவே?"

நான் எங்கேயும் போகவில்லையே அம்மா. போகாமல் இருந்ததுதானே தப்பாகிவிட்டது.

திரும்பி வரும்போது காரில் ஏறச் சொல்லவில்லை. பட்டுப்புடவையோடு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். கண்டக்டர், "ஏனுங்க, கல்யாணத்துக்குப் போயிட்டு வாரீங்களா" என்று கேட்டான்.

15.9.1994, வியாழன்

அம்மா பேசவில்லை. டிவி பேசிக்கொண்டே இருக்கிறது.

17.9.1994, சனி

ஒரு காட்டையாவது காப்பாற்றுவோம் என்று கரீம் பாய் கடைக்குப் போனேன். மருந்து போலி, ஒன்றும் சாகவில்லை என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்க. மருந்து நல்ல மருந்துதானுங்க. நீங்க எடுத்த எடுப்புல வெச்சுப்போட்டீங்க. கொஞ்சமாத் தின்னது வவுத்த வலிச்சுத் தப்பிச்சிருக்கும். அது இனி அந்தத் தீனியத் தொடாது. மாசக்கணக்குல நாவகம் வெச்சுக்கும்."

"அப்ப என்னதான் பண்றதுங்க?"

"தீனிய மாத்துங்க. உடைச்ச கம்புல கடலெண்ணெய் பெசறி, நாலு நாளைக்கு வெறுந்தீனியா வைங்க. அதே எடம், அதே நேரம். மொதல்ல பயப்படும். ரெண்டாம் நாள் ருசி பாக்கும். மூணாம் நாள் உங்களுக்கு மின்னாலயே வந்து காத்திருக்கும். நம்பிக்கை வந்துட்டுதுன்னு தெரிஞ்ச பொறகு, அஞ்சாம் நாள் மருந்து."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கரீம் பாய் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். "எங்கண்ணனுக்கு உங்க கடையில பழக்கம் உண்டுங்களா பாய்?" என்று கேட்டேன். இல்லை என்றார்.

பெருச்சாளிக்கு நாலு நாள். எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை. நானும் மூன்றாம் வாரம் வாசலில் போய்க் காத்திருந்தேனே, கார் சத்தம் கேட்கிறதா என்று.

19.9.1994, திங்கள்

வெறுந்தீனி, முதல் நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு, இருபத்தொரு வளை வாயில். தொட்டது மூன்று.

20.9.1994, செவ்வாய்

பன்னிரண்டு.

21.9.1994, புதன்

பத்தொன்பது. தீனியை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் மோட்டார் ரூம் வளையில் மூக்குத் தெரிந்தது. ஆறு இருபதுதான். நேரத்தையே மாற்றிக்கொண்டுவிட்டன. அதைப் பார்த்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் வைப்பேன்.

23.9.1994, வெள்ளி

இன்று மருந்து வைக்கிற நாள். அம்மா எட்டு நாளில் முதல் தடவையாக வாய் திறந்தாள். "வெள்ளிக்கெழமை அதுவுமா புள்ளையார் வாகனத்தக் கொல்லாத." இன்னொரு நாள் வெறுந்தீனி. சாப்பிடட்டும்.

24.9.1994, சனி

மருந்து வைத்தாயிற்று. ரேடியோவில் சூரத்தில் பிளேக் என்கிறான். ஜனங்கள் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு ஓடுகிறார்களாம். சூரத் எங்கேயோ இருக்கிறது.

25.9.1994, ஞாயிறு

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். வெளியில் செத்துக் கிடந்தது பதினான்கு. உள்ளே எத்தனையோ. கரீம் பாயை மனதுக்குள் கும்பிட்டேன். எண்ணுவதற்காகப் பதினான்கையும் குச்சியால் தள்ளிக்கொண்டு வந்து மோட்டார் ரூம் முன்னால் வரிசையாகப் போட்டேன். பெரியது ஒன்று முழங்கையளவு இருந்தது. குழி வெட்டச் சின்னாத்தாள் வரட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, பால் கறக்கப் போனேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

கார் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா. நான் வாளியோடு வந்தபோது அண்ணன் அந்த வரிசைக்கு முன்னால் கர்சீப்பை மூக்கில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அண்ணி காரை விட்டு இறங்கவில்லை, கண்ணாடியையும் ஏற்றிவிட்டாள்.

"அம்மா, இங்க வந்து பாருங்க. சூரத்துலயும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல எலி சாகும், அப்பறம் மனுசன்."

நான் மருந்து வைத்துச் செத்தது என்றேன். நேற்று ஆறு மணிக்கு வைத்தேன், பொட்டலம் இருக்கிறது, கரீம் பாயைக் கேளுங்கள் என்றேன். டைரியைக்கூடக் கொண்டுவந்து காட்டினேன், ஆறு நாள் கணக்கு, நேரத்தோடு. கையால் தள்ளிவிட்டான். அவனுக்குத் தெரியும். அவன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, பிளேக் இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"மருந்துல செத்துதா நோவுல செத்துதான்னு நீ டாக்டரா? வயசானவங்கள இதுக்குள்ள போட்டு வெச்சிருக்கற." சட்டைப்பையிலிருந்து பிளேக்குக்கான டெட்ராசைக்ளின் மாத்திரை அட்டையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். கோயமுத்தூரில் கிடைக்கவே இல்லையாம், தெரிந்த கடையில் சொல்லி வாங்கினானாம்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், "அம்மா, உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வேண்டாமுன்னு நீங்கதான சொன்னீங்க."

"எனக்கென்ன கண்ணு தெரியும்" என்றாள்.

அரைமணி நேரத்தில் மூட்டை கட்டிவிட்டாள். டிவியும் போயிற்று. சீக்கு பயம் அடங்கியதும் கொண்டுவந்து விடுவானாம்.

26.9.1994, திங்கள்

பதினான்கையும் புதைத்தோம். சின்னாத்தாள், "ஊருக்குள்ள ஒரு மாதிரி பேசிக்கறாங்கம்மணி" என்று சொல்லிவிட்டு, நாளையிலிருந்து ஒரு வாரம் வர முடியாது என்றாள். சேறு வைத்து மூடியதில் இன்று காலை திறந்தது இரண்டே வளை.

யாரிடம் சொல்ல இதை.

9.10.1994, ஞாயிறு

பயம் அடங்கிவிட்டது. பேப்பரில் ஒன்றும் இல்லை. காந்திபுரம் பஸ்ஸில் ஏறிக் கணபதியில் இறங்கிப் போனேன். பையில் தக்காளி, கீரை, அம்மாவுக்குப் பிடித்த குச்சிக்கிழங்கு, என் காட்டுக் கிழங்கு.

அண்ணி பையை வாசலோடு வாங்கி, செருப்பு விடுகிற இடத்தில் வைத்தாள். "எலி வாய் வெச்ச காயா இருக்குமுங்க, உள்ள வேண்டாம்." தலை வாரிவிட்ட அதே கை. நங்கை என்று கூப்பிடவில்லை.

அம்மா பின்ரூமில் கட்டில்மேல் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். ஊருக்குப் போகலாமா என்றேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"எனக்குக் கொள்ளி வெக்கறவன் அவந்தான் கண்ணு. நீயா வெப்பே?"

வைக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும். ஆனால் நாலு வருடம் அப்பாவுக்குப் பீமூத்திரம் அள்ளியது யார்? அதற்கு ஒரு சடங்கும் கிடையாது, ஒரு சபையும் கிடையாது. கேட்டுவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வந்துவிட்டேன். பை, வைத்த இடத்திலேயே இருந்தது.

4.11.1994, வெள்ளி

தீபாவளி வந்து போனது. கரீம் பாய் மட்டும் கடையில் பார்த்து, "பலகாரம் எங்கீங்க அம்மணி" என்றார். அடுத்த வருசம் என்றேன்.

22.1.1995, ஞாயிறு

திருமலைசாமி மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பெரிய மனிதர், இரண்டு பக்கமும் பேசி முடிப்பதாகச் சொல்லி வந்தார். வந்த கையோடு, "பொட்டப்புள்ள பாகம் கேக்கறது நம்ம பக்கத்துல இல்லாத வளக்கம்" என்றார். பத்திரத்தில் அந்த மூன்றாம் பக்கத்து வரியை எழுதுவது மட்டும் வழக்கமா மாமா என்று கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார்.

அண்ணன் கோர்ட்டுக்குப் போகப் பயப்படுகிறான். கேஸ் என்றால் காங்கேயத்துக்காரர் கழன்றுகொள்வார். ஆகவே பாகம். எனக்கு வீட்டோடு சேர்த்து மேற்கே இரண்டு ஏக்கர். கிணறு அவர்கள் பக்கம் போகிறது. மூன்று நாளைக்கு ஒரு முறை எனக்குத் தண்ணீர். மீதி மூன்று ஏக்கரை விற்கிறான். அம்மா தன் பங்கை அவன் பேருக்கு எழுதிவிட்டாள்.

கிளம்பும்போது மாமா சொன்னார், "இத்தோட ஒறவு ஒறம்பரை முடிஞ்சுதுன்னு வெச்சுக்க அம்மணி. நல்லது கெட்டதுக்கு அவன் கூப்பிட மாட்டான்." சரிங்க மாமா என்றேன். அவர் போன பிறகு மோட்டார் ரூமில் போய் உட்கார்ந்து அழுதேன். மோட்டார் ஓடியது, அதனால் சத்தம் கேட்டிருக்காது. கேட்பதற்கும் ஆள் இல்லை.

11.4.1995, செவ்வாய்

அண்ணன் விற்ற மூன்று ஏக்கரை டிராக்டர் விட்டுச் சமன் பண்ணுகிறார்கள். வரப்பெல்லாம் போயிற்று. அங்கே இருந்த பெருச்சாளி அத்தனையும் மேற்கே, என் பக்கம் வந்துவிட்டன. பட்டப்பகலில், பதினோரு மணி வெயிலில், குட்டியை வாயில் கவ்விக்கொண்டு திறந்த வெளியைத் தாண்டி ஓடுகின்றன. பகலில் இவற்றை நான் பார்ப்பது இதுவே முதல் தடவை. எட்டு மாதம் எழுதிய நேரமெல்லாம் வீணாயிற்று.

இன்று காலை திறந்த வளை நாற்பத்தாறு. குச்சிக்கிழங்கு இனி இந்த மண்ணில் முடியாது. சோளம்தான்.

13.4.1995, வியாழன்

ஐம்பத்து மூன்று. கம்பும் கடலெண்ணெயும் வாங்கி வைத்தாயிற்று. மறுபடியும் முதலிலிருந்து.

12.6.1995, திங்கள்

அம்மா வந்தாள்.

சோளக்காட்டிலிருந்து பார்த்தேன். கார் ரோட்டிலேயே நின்றது, அண்ணன் இறங்கவில்லை. அம்மா மட்டும் தடத்தில் மெதுவாக நடந்து வந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். எட்டு மாதம். வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பை எங்கே என்று அவள் கையைப் பார்த்தேன்.

உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"தண்ணி வேண்டாங் கண்ணு. இப்பத்தான் வழியில குடிச்சேன்."

காரிலேயே வந்தவள் எங்கே குடித்தாள்? காருக்குள் இருக்கிறவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். பங்கு பிரிந்த வீட்டில் தண்ணீர் குடிக்காதே என்று சொல்லிக் கூட்டி வந்திருப்பான். நான் சொம்பைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"ரேசன் கார்டக் குடு. எம்பேர எடுத்து அவங்கார்டுல சேக்கோணுமாம். நீ கையெழுத்துப் போட்டாத்தான் ஆவுமாம்."

மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். பேனாவும் கொடுத்து அனுப்பியிருந்தான். நான் படித்தேன். ஒரே பக்கம். ராசாத்தாள், வயது அறுபத்தாறு, மேற்படி முகவரியில் வசிக்கவில்லை, பெயரை நீக்க எனக்கு ஆட்சேபம் இல்லை. இதில் பொய் ஒன்றும் இல்லை. கதவில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"எலி இன்னும் இருக்குதா?" என்று கேட்டாள்.

"இருக்குதுங்கம்மா."

ஹாரன் அடித்தான். என் கன்னத்தைத் தொட்டாள், ஒரு நொடி. பிறகு தடத்தில் நடந்தாள். காலை இழுத்து இழுத்து நடக்கிறாள், யாரும் எண்ணெய் தேய்ப்பதில்லை போலிருக்கிறது. திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். நான் அவளை வெறுக்கிறேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை.

5.7.1995, புதன்

புதுக் கார்டு வந்துவிட்டது. குடும்பத் தலைவர்: பத்மாவதி. உறுப்பினர் எண்ணிக்கை: 1.

ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கினேன். கடைக்காரர் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "ஒருத்தருக்குத்தானுங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். அரைக் கிலோ சர்க்கரை நிறுத்து, பையைப் பிடிக்கச் சொன்னார்.